லாட்டாயின் சிறுநீரகம்

என் தம்பி ஃபெலேட்டியின் பெண்டாட்டி லாட்டாய், ஆக்லாந்து விமான நிலையத்தில் கழிவறை கழுவுகிறவள். பசிபிக் கடலில் எங்கள் டோங்கா நாட்டின் கடைக்கோடித் தீவுக்காரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டாள். எங்கள் வழக்கப்படி தம்பி வீட்டு விருந்தில் பன்றியின் முதல் பங்கு அக்காவான எனக்குத்தான். பெண்டாட்டி அடுப்படியோடு சரி. இருபது வருஷம் அந்த முறை மாறவில்லை.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. நான் கொடுக்கிறேன் என்று முதல் ஆளாக நின்றேன். எனக்குச் சர்க்கரை, வேண்டாம் என்றுவிட்டார்கள். லாட்டாயுடையதை எடுத்து வைத்தார்கள். அப்புறம் சர்ச்சில் எல்லாரும் அவளைத்தான் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

டாக்டரம்மா சொன்னார்: "உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. வெளியாளோடதுன்னு தெரிஞ்சா அடிச்சு அழிச்சிருவாங்க. மாத்திரைதான் அவங்கள அடக்கி வைக்குது. காலைல எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளை தவறக்கூடாது."

வெளியாள் என்றதும் எனக்கு மனசு குளிர்ந்தது. தம்பி உடம்புக்குள்ளேயே என் பக்கமும் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு நாலு நாள் தம்பியை என் வீட்டில் இருத்திக்கொண்டேன். எங்களில் அக்கா சொன்னால் தம்பிகள் மறுக்க மாட்டார்கள். லாட்டாய்க்கு வேலை, மாத்திரைப் பையைக் கொடுத்தனுப்பினாள். எட்டானால் போன் வேறு.

"மாத்திரை போட்டாரா அக்கா?"

"என் தம்பியப் பாத்துக்க எனக்குத் தெரியாதா? போட்டான், வையி."

பை என் அலமாரியில் கிடந்தது. அவளுடைய கவனிப்பு இல்லாமல் நாலு நாள் போகாதா, பார்ப்போமே என்ற வீம்பு. "அக்கா வீட்டுல மாத்திரைக்கும் லீவா?" என்று தம்பியும் சிரித்தான்.

அடுத்த வாரம் காய்ச்சல், கால் வீக்கம். அவன் உடம்பு அவள் சிறுநீரகத்தைத் தாக்க ஆரம்பித்துவிட்டது.

"மாத்திரை விட்டுப்போச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

தம்பி தரையைப் பார்த்தான். அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே. லாட்டாய் என்னைப் பார்த்தாள். திரும்பி வந்த பையைப் பிரித்தவள் அவள்தான். மாத்திரை அப்படியே இருந்ததைப் பார்க்காமலா இருப்பாள்?

"நான்தான் டாக்டர், பையில வைக்க மறந்துட்டேன்" என்றாள்.

"உன் சிறுநீரகத்த நீயே கொல்லப் பாத்தியேம்மா!" என்று டாக்டரம்மா பொரிந்து தள்ளினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. சிறுநீரகத்தையும் கொடுத்தாள், என் பழியையும் வாங்கிக்கொண்டாள். இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த மனசு?

மூன்று நாள் மருந்து ஏற்றியதில் சிறுநீரகம் பிழைத்தது. முன்புபோல முழுசாக வேலை செய்வதில்லை.

இப்போது எட்டு மணிக்கு நான்தான் போன் போடுகிறேன்.

"இப்பதான் குடுத்தேன் அக்கா" என்பாள். குரலில் துளிக் கோபம் இருக்காது. ஒரு நாளாவது என்னைத் திட்டித் தொலையேன்டி என்று வாய்வரை வருகிறது.