யசோதா நடத்திய ஏரிச் சுற்று

கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் மேல்வீட்டு யசோதாவுக்கு மனதில் ஒரு காரியம் விழுந்துவிட்டால் போதும், குடியிருப்பில் ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியாது.

அவள் கணவர் திருவேங்கடத்துக்குப் போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. துறைமுக அலுவலகத்தையே அதட்டி வைத்திருந்த மனிதர், அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. தினமும் நடந்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். நடுரோட்டில் தனியாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இவரை நாற்காலியை விட்டு எழவிடவில்லை.

யசோதா கெஞ்சினாள், சண்டை போட்டாள். மனிதர் மசியவில்லை. கடைசியில் ஒரு போட்டி வைத்துக் குடியிருப்பையே இழுத்தாள். ஒரு மாதம் தினமும் குடும்பத்தோடு பக்கத்து ஏரியை ஒரு சுற்று வரவேண்டும், ஒருநாள் தவறினாலும் அந்தக் குடும்பம் அவுட்.

நேரம் வைத்ததில்தான் தப்பு செய்தாள். மார்கழியில் விடியுமுன் கோலம் போட்டுப் பழகியவள், காலை ஐந்து மணி என்று அறிவித்துவிட்டாள். லேசாகக் குளிர்ந்தாலே காதை மூடும் மங்கி கேப்புக்குள் ஒளிந்துகொள்ளும் வங்காளிகளாவது, வருவதாவது. ஈ காக்கை வரவில்லை. திருவேங்கடத்துக்கு ஒரே குஷி.

இந்த ஊர்க்காரர்களை நடக்கக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், பேசக் கூப்பிட்டால் வருவார்கள் என்று அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மாலை ஆறு மணிக்கு மாற்றினாள். டீக்கடையில் உட்கார்ந்து மணிக்கணக்காக அடிக்கும் அரட்டையை நடந்துகொண்டே அடிக்கலாம் என்றாள். குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள்.

வேடிக்கை பார்க்க வாசல்வரை வந்த திருவேங்கடத்திடம், மெட்ராஸ்காரர்களுக்கு ஃபுட்பாலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுக் கீழ்வீட்டு ரஞ்சன் நடையைக் கட்டினார். பதில் சொல்லாமல் விடமுடியுமா? கத்திக்கொண்டே பின்னால் போனவர், ஏரியை முழுசாகச் சுற்றி வந்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். நெஞ்சுவலி மாத்திரையைக் கைக்குள் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்த யசோதா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் ரஞ்சனோடு வாதாடியபடியே திருவேங்கடம் ஏரியைச் சுற்றினார். மாதம் முடிவதற்குள் அவுட் ஆனது எங்கள் வீடு மட்டும்தான். என் வீட்டுக்காரரின் சோம்பலைப் பற்றி இங்கே எழுதி மாளாது.

போட்டி முடிந்த மறுநாள் யசோதா மார்க்கெட்டிலிருந்து திரும்ப இருட்டிவிட்டது. வீடு பூட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தால் அவர் போன் உள்ளேயே அடித்தது. பதறிப்போய் என்னையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். எதிரே திருவேங்கடம் வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

“யாரோடங்க போனீங்க?”

“ரஞ்சனுக்கு ஜலதோஷம். நான் மட்டும்தான் போனேன்.”

திட்ட வாயைத் திறந்தவள், நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள். அவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

“எதுக்கு அழறே? நாளைக்கு நேரத்தோட வந்துடு. உனக்காகவெல்லாம் காத்துட்டிருக்க முடியாது.”