இரண்டு கம்பி கூடுதல்

எனக்கு ஐம்பது வயது முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளத்தூரில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே காரைக்குடி வந்து இறங்கியபோது எழுபது ஆனது போலிருந்தது. “இந்தத் தடவையாச்சும் உங்களுக்குன்னு ஒன்னு வாங்கிக்கிருங்க” என்று காலையில் மனைவி சொல்லியிருந்தாள். அவள் நினைத்தது வேட்டி. நான் வாங்கப் போனது பாஸ் கிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடியில் கனத்த ஒலியாக ஓடும் பாஸ் வாசித்தேன். குன்றக்குடியில் திருவிழா, மானகிரியில் காதுகுத்து, எங்கே கூப்பிட்டாலும் போனோம். கிட்டார்கூடக் குழுத்தலைவருடையதுதான். பாடகருக்கு மாலை விழும், தபலாக்காரருக்குக் கைதட்டல் விழும். சாப்பாடு போடுகிறவர்கள், பின்னால் நிற்கும் என்னை மைக்செட் ஆள் என்றே நினைப்பார்கள். ஒரு ஆளாவது நான் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று அப்போதே ஆசை. பாஸ் ஒலிக்கும்போது யாருக்கும் தெரியாது, நின்றால்தான் பாட்டு என்னவோ போலாகிவிடும். குழு கலைந்தது, வாத்தியார் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. நான் வாசித்து மனைவி கேட்டதே இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் பழைய சாமான் கடையில் அதைப் பார்த்தேன். எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் நடுவே, ஏறக்குறைய என் வயதில் ஒரு பாஸ், சிவப்புச் சாயம் வெளுத்து, நாலு தடித்த கம்பிகளோடு. பிறந்தநாளைக்கு வருகிறேன், எடுத்து வையுங்கள் என்றேன். பிறந்தநாள் என்று வாயை விட்டதுதான் வினை.

அன்று நான் போனதும் கடைக்காரர் துணியை விலக்கிக் காட்டினார். கிட்டாரின் தலையில் புதிதாக இரண்டு துளை. அவற்றில், வீணைக்கு வைப்பதுபோல் கம்பியை முறுக்க இரண்டு மரப் பிரடைகள். அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள்.

“கிட்டாருன்னா ஆறு கம்பிண்ணே. இதுல ரெண்டு போயிருந்துச்சு. பிறந்தநாளும் அதுவுமா குறையோட குடுக்க மனசு வரல. ஆசாரியை வச்சுச் சரி பண்ணிட்டேன்” என்றார்.

பாஸுக்கு நாலு கம்பிதான். நானும் ஆசாரி வீட்டுப் பிள்ளை, வேண்டாத வேலை அவ்வளவு சுத்தமாக இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சண்டை போட்டிருக்கலாம். நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தவனுக்கு அதற்குத் தெம்பு இல்லை. அவர் முகத்திலோ அத்தனை சந்தோஷம். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுத்து வந்தேன்.

வீட்டில் மனைவி அதை மேலும் கீழும் பார்த்தாள். அதற்கு என்ன வயது என்று கேட்டாள். என் வயதுதான் என்றேன்.

“அதான் ரெண்டு பேரும் இப்புடி இருக்கீக” என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மெல்லிய கம்பிகள் இரண்டையும் கழற்றினேன். பிரடைகளைப் பிடுங்க முடியவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஒலிபெருக்கி கிடையாது. ஆனால் கிட்டாரின் தலையை மர அலமாரியில் அழுத்திக்கொண்டால் மரம் ஒலியை வாங்கிக்கொள்ளும். அலமாரி அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரு பழைய பாட்டின் பாஸை மட்டும் வாசித்தேன். பாட்டில்லாமல் அது வெறும் தும் தும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காய் அரிந்துகொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் விரல் நுனி எரிந்து, தோள் இற்றுப்போனது. இந்த வயதில் எனக்கு இது எதற்கு என்று கசந்துபோய்க் கீழே வைத்தேன்.

கத்திச் சத்தமும் நின்றது.

“ஏன் நிப்பாட்டிட்டீக?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.