மாடு நுழையாத வாசல்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது ஒன்பது, வளர்த்து ஆளாக்கியது ஏழு. அது போக நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கைச்சோறு தின்றுதான் வளர்ந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய நாளைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லுகிறார்கள். நடந்தது என்னவென்று எனக்குத்தான் தெரியும். தப்புச் செய்தவள் நான்தானே.

திருச்செந்தூருக்கு ரயில் வராத காலம் அது. மாமியார் வீட்டில் மருமக்கள் மூன்று பேர், அடுப்பங்கரை ஒன்று. நான் மூன்றாமவள். தொழுவம் அடுப்பங்கரையை ஒட்டி இருந்ததால் மாடு நினைத்த நேரம் உள்ளே வரும். வடித்து ஆற வைத்த சோற்றை இரண்டு தடவை தின்றுவிட்டது. மாட்டை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு வாங்கியது நான்.

அந்த ஆத்திரம் மனதில் இருந்தது. வாழைத் தோட்டத்துப் பக்கம் எங்களுக்கென்று தனி வீடு எழும்பியபோது, கதவு நிலை செய்துகொண்டிருந்த ஆசாரிக்கு மோர் கொண்டுபோனேன். அக்கம்பக்கம் ஆள் இல்லை.

"ஆசாரி, முன்வாசல் நிலை, பின்வாசல் நிலை ரெண்டும் ஒடுக்கமா இருக்கட்டும். மாடு எட்டிப் பாக்கலாம், நுழையப்பிடாது."

"மனுசரு நுழையணும்லா, தாயி?"

"எங்க வீட்டுல எல்லாரும் ஒல்லிதான்."

அவர் மோரைக் குடித்துவிட்டு, சொன்னபடியே செய்து வைத்தார்.

கடைசி மகன் தனிக்குடித்தனம் போவதில் என் மாமியாருக்கு, அத்தைக்கு, மனசே இல்லை. என் வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்கள்: "பசு முதல்ல நுழையட்டும். பெறவு நான் காலு வைக்கேன். நான் காலு வைக்காத வீட்டுல நீ குடியிருக்கப்பிடாது." அவரும் தலையை ஆட்டிவிட்டார். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டுகிற ஆள் இல்லை அவர். ஆக, எனக்கென்று ஓர் அடுப்பு அமைவது அத்தையின் வலது காலில் இருந்தது.

பால் காய்ச்சிய அன்று காலையில் நான் தரையில் நடக்கவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். வாசலில் குலைவாழை, மாவிலைத் தோரணம், நானே போட்ட படிக்கோலம். புதுச்சேலை மொடமொடவென்று சத்தம் போட்டது. சொந்தக்காரர்கள் எல்லாம் பந்தலில் நின்றார்கள். ஐயர் கும்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "பசுவும் கன்னும் வரட்டும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடு வரக்கூடாது என்று அத்தனை யோசித்தவளுக்கு, முதலில் வரவேண்டியதே மாடுதான் என்பது நினைவில்லாமல் போயிற்று.

அத்தை தன் தொழுவத்திலேயே பெரிய பசுவை ஓட்டிவரச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் மஞ்சள் குங்குமம். கன்று துள்ளி உள்ளே ஓடிவிட்டது. பசு தலையைச் சாய்த்துக் கொம்பை நுழைத்தது, முன்னங்கால் இரண்டையும் வைத்தது. வயிறு வந்து நிலையில் இறுகிக்கொண்டது. அதற்கு மேல் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பசுவுக்கு முன்னால் மனிதர் யாரும் உள்ளே போகக்கூடாது என்பதால் அங்கிருந்து இழுக்கவும் ஆள் கிடையாது.

"ஏ ஆசாரி, இது நிலையா, எலிப்பொறியா?" என்று அத்தை கேட்டார்கள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் தோரணத்தைப் பார்த்தேன்.

"மரம் அவ்வளவுதான் இருந்துச்சு, ஆச்சி" என்றார் அந்தப் புண்ணியவான்.

மூத்த ஓரகத்தி சும்மா இருப்பாளா? "மரத்து மேல என்ன குத்தம்? இவ வடிச்ச சோத்தத் தின்னுதான் மாடு இப்படிப் பெருத்துட்டு" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து நாலு பேர் தள்ளினார்கள். பசு வாலைத் தூக்கியது. நாலு பேரும் நாலு பக்கம் சிதறினார்கள்.

"ராகுகாலத்துக்கு ஒரு நாழிகைதான் இருக்கு" என்றார் ஐயர். அத்தை வந்த வழியே போகிறவர்கள் மாதிரி ஊர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். என் அடுப்பு போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, குத்துவிளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்ச் செம்பைத் தூக்கினேன். பசுவின் இரண்டு விலாவிலும் ஊற்றி, நிலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை விட்டு வழித்துத் தேய்த்தேன். முழங்கை வரை எண்ணெய், புதுச்சேலையெல்லாம் எண்ணெய்.

"எம்மா, அன்னா பாருங்க, பிள்ளை பெத்தவளுக்குத் தேய்க்கிறாப்புல தேய்க்கா" என்று என் வீட்டுக்காரர் தன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

உள்ளே கன்று கத்தியது. பசு ஒரு பெருமூச்சு விட்டது. வயிறு ஒடுங்கிய அந்த ஒரு நொடியில் நான் தோளைக் கொடுத்துத் தள்ள, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போகிற போக்கில் தோரணத்தையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் படியில் குப்புற விழுந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் அத்தை என் தலைமாட்டில் நிற்கிறார்கள். அத்தை மட்டும் எங்கள் வீட்டில் ஒல்லி இல்லை. ஆசாரியிடம் பேசியபோது அதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. நிலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்:

"ஏளா, எனக்கும் எண்ணெ தேய்ப்பியா, இப்படியே நுழையட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒருக்களித்து, வலது காலை உள்ளே வைத்துவிட்டார்கள். அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ராகுகாலத்துக்கு முன்னால் பாலும் பொங்கிற்று. கிழக்கே பார்த்துப் பொங்கிற்று. என் அடுப்பில், என் பானையில்.

ஏளா பேத்தி, அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கன வா. நான் எழுத்துக் கூட்டி எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. முதலிலிருந்து பைய வாசி, கேட்போம். சிரிப்பதானால் வாசித்து முடித்துவிட்டுச் சிரி.