பின்னால் இன்னும் இரண்டு பெட்டிகள்

நஸீமா ராத்தா மௌத்தாகிவிட்ட செய்தி எனக்கு ரயிலில்தான் கிடைத்தது. உடப்புக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் வழமைபோலக் கடைசிப் பெட்டியில் ஏறினேன். எப்போதும் சந்தையாக இரையும் பெட்டி அன்று அமைதியாக இருந்தது. பாலாவியில் ஏறும் ஆசிரியை ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்தா விடிய சுபஹோட போயிட்டா. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்."

அவருடைய நோய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிலாபத்தில் இறங்கிய எங்களில் பலர் வேலைக்குப் போகாமல் வீதியைக் கடந்து புத்தளம் பஸ்ஸுக்காக நின்றோம்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. சிலாபம் ஆஸ்பத்திரியின் பிரசவ வாட்டில் உங்கள் பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர் அவராகவும் இருக்கலாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பள்ளிக்கூடச் சீருடையோடு தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர். ஓலைக் கொட்டிலில் இருந்து படித்துத் தாதியானார். புத்தளத்தில் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் காலை ரயிலில் சிலாபத்துக்கு வேலைக்குப் போனார். அக்காவை முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள். உடப்புக்காரியான நானும் அப்படியே அழைத்தேன்.

முதன்முதலாக அவர் என்னிடம் பேசியது ஒரு ஏச்சுத்தான். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிலாபத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. பாதைகள் திறந்து, படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் பெருகிவிட்ட காலம். ரயிலில் பெட்டிகள் மட்டும் கூடவில்லை. மிதிபலகையில் ஒரு காலும் வெளியில் ஒரு காலுமாக நான் தொங்கியபோது, உள்ளேயிருந்து ஒரு கை என் தோள்பையைப் பிடித்து இழுத்தது.

"உள்ளுக்கு வா புள்ள. கையை விட்டு விழுந்தா எங்கட வாட்டுக்கு வரப்படாது. நாங்க பிள்ளைப்பேறு மட்டும்தான் பாக்கிறம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கதவடியில் நின்ற இளைஞர்களைப் பார்த்து, "நடுவில எவ்வளவு இடம் கிடக்கு, ஏன் எல்லாரும் கதவில ஒட்டிக்கொண்டு நிக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார். அவர்கள் நகர்ந்தார்கள். அவருடைய குரலுக்கு ஆட்கள் நகர்வார்கள்.

ஆனால் குரலால் நகர்த்த முடியாத நாளும் வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தி, நிறைமாதக்காரி, கிளினிக்குக்குப் போகப் பாலாவியில் நின்றாள். ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். எதிலும் கால்வைக்க இடமில்லை. நஸீமா ராத்தா யன்னலால் எட்டி, "முன் பெட்டிக்கு வாங்க, வாங்க" என்று கத்தினார். அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுவிட்டாள். ரயில் புறப்பட்டது. அன்று மத்தியானம் அதே பெண்ணை ஒரு லொறியின் முன் இருக்கையில் வைத்து வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை.

மறுநாள் காலை ராத்தா இதை என்னிடம் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை.

"கோச்சியில ஏறியிருந்தா அந்தப் பிள்ளை தப்பியிருக்குமோ எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஏறுறதுக்கு இடம் இருக்கல்ல. அது எனக்குத் தெரியும்."

வெளியே ஓடிய தென்னந்தோட்டங்கள் பக்கம் திரும்பினார். பிறகு, "இந்தக் கோச்சியை நீட்டோணும்" என்றார். அலுமாரியை மற்றச் சுவருக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

ரயில்வேயில் பொறுப்பான அதிகாரியைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி நல்ல மனிதர். பெட்டிகள் தேடினால் கிடைக்கும் என்றார். தடை வேறு. எங்களுடையதைப் போன்ற சிறிய தரிப்பிடங்களில் மேடை கட்டை, நீளம் போதாது. இரண்டு பெட்டிகளைக் கூட்டினால் அவை மேடைக்கு வெளியே, கற்குவியலுக்கு மேலே நிற்கும். யாராவது விழுந்தால் யார் பதில் சொல்வது? ராத்தா அதை மறுக்கவில்லை. "ஒரு நாளைக்கு எங்களோட வாங்க சேர்" என்று மட்டும் கேட்டார். போகும்போதெல்லாம் அதையே கேட்டார். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அதிகாரி புத்தளத்தில் வந்து ஏறினார். யாரோ எழுந்து இடம் கொடுக்கப் போனார்கள். ராத்தா கண்ணால் தடுத்துவிட்டார். சிலாபம் வரையும் நின்றுகொண்டே வந்த அந்த மனிதர், இறங்கும்போது சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல் இறங்கினார். அந்த மாத முடிவில் பின்னால் இரண்டு பெட்டிகள் வந்தன. பரீட்சார்த்தமாகத்தான். யாரும் விழக்கூடாது என்பது நிபந்தனை.

அதன்பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சிறிய தரிப்பிடங்களில் ஏறுகிறவர்களுக்கு முன் பெட்டிகளில் இடமிருக்க வேண்டும். அப்படியென்றால் புத்தளத்திலும் பாலாவியிலும் ஏறி நெடுந்தூரம் போகிறவர்கள் பின் பெட்டிகளுக்கு மாற வேண்டும். சொல்வது இலகு. ஒவ்வொருவருக்கும் தன் பெட்டி, தன் மூலை, இடம்பிடிக்கப் போடும் தன் லேஞ்சி இருந்தது. ராத்தா அந்த லேஞ்சிகளைப் பொறுக்கி மடித்து உரியவர்களிடம் கொடுப்பார். "இது மூக்குத் துடைக்கிறது. கதிரைக்கு உறை இல்ல." இதனால் அவரோடு கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவரை வாய்க்காரி என்றார்கள். வாய்க்காரிதான்.

முன் பெட்டியில் சீட்டுக் கடதாசி விளையாடும் கூட்டத்தைத்தான் அசைக்க முடியவில்லை. அவர்களுக்குத் தலைவர் சுனில் ஐயா, கொழும்பில் வேலை செய்யும் சிங்களவர். "நாங்கதான் இந்தப் பெட்டிக்கு முதல்ல வந்த ஆக்கள், மிஸ்" என்றார் சிங்களத்தில். ராத்தாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"நாங்களும் ஒரு ஊரில முதல்ல இருந்த ஆக்கள்தான் ஐயா. ஒரு நாள் எழும்பிப் போகச் சொன்னாங்க. போறதுக்கு இடம் சொல்லல்ல. நான் உங்களுக்கு இடம் சொல்றன். பின்னுக்கு ரெண்டு பெட்டி வெறுமையா இருக்கு. காத்தும் நல்லா வரும்."

சுனில் ஐயா கையிலிருந்த கடதாசிகளைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த நாள் அவர்களுடைய சத்தம் கடைசிப் பெட்டியிலிருந்து கேட்டது.

அந்த நாட்களில்தான் ராத்தாவின் இடமாற்றமும் வந்தது. அவருடைய கணவர் அன்சார் நானா மன்னாரில் பழைய வளவைத் துப்புரவாக்கி, வீடு கட்டத் தொடங்கியிருந்தார். மன்னார் ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கேட்டு எழுதியதும் ராத்தாதான். கிடைத்ததும் ஒரு வருடம் பிந்திப் போடும்படி கேட்டு வாங்கிவிட்டார். நானாவுக்குக் கடும் கோபம். சில வாரங்கள் அவர் புத்தளத்துக்கு வரவேயில்லை. ராத்தா வெள்ளிக்கிழமைகளில் கறி ஆக்கிக்கொண்டு தானே மன்னார் பஸ் ஏறினார். "கோபம் அவருக்கு. பசியும் அவருக்குத்தான். நான் பசியை மட்டும் பாக்கிறன்" என்றார்.

நிபந்தனை எங்கள் தரிப்பிடத்தில்தான் உடைந்தது. கருவாட்டுச் சாக்கோடு வந்த ஒரு வயதானவர், முன் பெட்டிக்கு நடக்கச் சோம்பல்பட்டு, கற்களின் மேலிருந்தே பின் பெட்டியில் தொற்றி ஏறப் பார்த்தார். சறுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. ராத்தா குதித்து இறங்கினார். என் குடையை வாங்கிக் காலோடு சேர்த்துவைத்து, நாலைந்து லேஞ்சிகளால் கட்டினார். ரயில் பிந்தியது. இரண்டு பெட்டிகளும் கழற்றப்படும் என்ற பேச்சு அந்த வாரமே வந்துவிட்டது.

அதிகாரியின் மேசைக்கு முன்னால் ராத்தா சொன்னதை நான் இன்றும் அப்படியே சொல்வேன்.

"அந்த மனிசன் விழுந்தது கோச்சி நீளமெண்டதால இல்ல சேர். மேடை கட்டையெண்டதால. நீளமானதை வெட்டுறதா, கட்டையானதை நீட்டுறதா?"

"நீட்டலாம், மிஸ். இப்போதைக்கு ஆளும் இல்லை, சாமானும் இல்லை."

"ஆளும் கல்லும் மண்ணும் நாங்க தாறம். சுவரை உங்கட மேசன்மார் கட்டட்டும். பிழையெண்டா அவங்க உடைக்கட்டும்."

அனுமதி வரச் சுணங்கியது. ஆனாலும் வந்தது. பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை நாளொன்றைக் குறித்தார்கள். ஆட்களைத் தேடி ராத்தா உடப்புக்கு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் என் அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "கோயில் திருவிழா கிட்டுது மிஸ், வேலை கிடக்கு. அதோட, கடலுக்குப் போறவனுக்கு ரயில் எதுக்கு?" என்றார்.

"ஓம், நீங்க கடலுக்குத்தான் போறீங்க" என்றார் ராத்தா. "உங்கட பொம்புளைகள் பிள்ளைபெறப் போறதும் கடலுக்கா?"

அண்ணி உள்ளே சிரித்தது வெளியில் கேட்டது. அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். போயா நாளன்று மண்வெட்டிகளோடு உடப்பிலிருந்து அவருடைய ஆட்கள்தான் முதலில் வந்தார்கள்.

அன்று எல்லாம் சீராக நடந்தது என்று சொல்ல மாட்டேன். கல் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்த பாலாவி லொறிக்காரர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. மேசன்மார் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். ராத்தா ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு மறைந்தார். திரும்பி வந்தபோது லொறியின் முன் இருக்கையில், சாரதிக்குப் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தார். "அவர்ட வீட்டு முத்தத்தில போய் நிண்டன். நாஸ்தா சாப்பிடச் சொன்னாங்க. கல்லை ஏத்துங்க, பிறகு சாப்பிடுவம் எண்டன்." அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. பெண்கள் நாங்கள் இரும்புத் தாச்சியில் மண் சுமந்தோம். சுனில் ஐயாவின் கூட்டம் வந்து கல் இறக்கியது. ஓய்ந்த நேரத்தில் கற்குவியலின் மேலேயே கடதாசி விரித்தது. மேலும் சில விடுமுறை நாட்கள் வேலை இருந்தது. மேடை நீண்டது. பெட்டிகள் தங்கிவிட்டன. கூட நின்று அதைக் கட்டியவர்களே, உங்கள் கையில் வந்த கொப்புளங்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

புதிய மேடையில் ரயில் வந்து நின்ற முதல் காலை, கடைசிப் பெட்டியின் கதவில் ராத்தா நின்றார். நான் கீழே பார்க்காமல் கால்வைத்து ஏறினேன். "என்ன புள்ள, வீட்டு வாசல்படி மாதிரி ஏறுறாய்" என்றார். அவர் முகம் முழுவதும் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

ஒரு வருடம் பொறுங்கள் என்று நானாவிடம் கேட்டவர், அதற்குப் பிறகும் உடனே போகவில்லை. வாட்டில் ஆள் குறைவு என்றார், பதிலுக்கு ஆள் வரட்டும் என்றார். மன்னார் வீட்டுக்குக் கூரை போட்டு முடிந்து, சாமான்கள் கட்டத் தொடங்கிய நேரத்தில்தான் நோய் தெரியவந்தது.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். தன்னைப் பற்றிய கதையை எடுக்கவே விடவில்லை.

"பின்னேரக் கோச்சி என்ன மாதிரி?"

"அப்படியேதான் ராத்தா. சிலாபத்தில ஏறவே ஏலாது."

"வேலை முடிஞ்சு வாறவளுக்குத்தானே களைப்புக் கூட" என்றார். "காலைக் கோச்சியில பிடிச்சு நான் மாறித் தொடங்கிட்டன் போல. அதை நீ பார். உன்னால ஏலும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது போதாது என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம் ராத்தா" என்று வாயால் சொன்ன பிறகுதான் கண்ணை எடுத்தார்.

ஜனாஸா நாளில் புத்தளத்து அந்தச் சிறிய வீட்டின் முன்னால் நின்ற கூட்டம் வீதிவரை நீண்டது. மன்னாருக்குக் கொண்டுபோகலாமே என்று உறவினர் சிலர் கேட்டிருக்கிறார்கள். அன்சார் நானா மறுத்துவிட்டாராம். அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்தவர், வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். "அவட ஆக்கள் எல்லாம் இந்த வழியிலதானே இருக்கிறீங்க. அங்க கொண்டுபோனா ஆர் வந்து பாக்கிறது?" என்றார். அவருடைய கோபம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

அவருடைய குரல் எனக்கு வாய்க்காது. அந்தத் துணிச்சலும் முழுதாக வராது. முடியாது என்று ஒருவர் சொன்னால், ஏன் முடியாது என்பதைக் கடைசிவரை கேட்டு, அந்தக் காரணத்தில் கைவைப்பது அவருடைய வழி. அதைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சுனில் ஐயாவோடு போய், புதிதாக வந்திருக்கும் அதிகாரியைச் சந்தித்தேன். எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பார்க்கலாம் என்றார். எப்போது வந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

வருகிற வியாழக்கிழமை பின்னேர ரயிலில் அவர் எங்களோடு சிலாபத்தில் ஏறுகிறார். அவருக்கு யாரும் இடம் பிடித்து வைக்க வேண்டாம்.