படகுக்கு ஒரு பூசை

புதுக் காரின் சில்லுக்கடியில் ஏரம்பமூர்த்தி தேசிக்காய் வைக்கும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள். "பொறும் ஐசே, சில்லு நேரா நிக்கட்டும்!" என்று சீறுவார். ஓக்லாந்தின் விரிப் பகுதியில் ஒரு சாமான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அந்த ஊரில் ஐயரைத் தேடிப் பிடிப்பதற்குள் கார் பழசாகிவிடும் என்று கார், ஃபிரிட்ஜ், புல்வெட்டும் மெசின் எல்லாவற்றுக்கும் தானே பூசை செய்வார். "நான் பூசை செய்த ஒண்டும் நடுவழியில நிண்டதில்லை." என் கார் நின்றிருக்கிறது. கேட்டால், அது பெற்றோலின் குற்றமாம்.

எண்பத்தாறு மாசியில் மங்கரேக் கடற்கரையில் ஐரிஷ்காரரின் கடல் திருவிழா. படகோட்டம், மீன் சூப், பிடில், அவர்களுடைய ஊர்த் துறைமுகங்களின் பழைய படங்கள். கிடங்கில் ஏரம்பமூர்த்தியோடு வேலை செய்யும் ஐரிஷ்காரப் பெடியன் டோனல், குளிர்காலம் முழுக்க கராஜில் குந்தியிருந்து தகப்பன் கட்டும் முறையில் ஒரு படகு கட்டியிருந்தான். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய கன்வஸ், அதன்மேல் தார். அன்றுதான் அதற்கு முதல் ஓட்டம். பூசை கேட்டதும் அவனேதான்.

ஏரம்பமூர்த்தியின் மனைவி ரதிதேவி அப்போதே சொன்னார்: "இஞ்சேருங்கோ, உங்கட வீரத்தை அந்தப் பெடியன்ர படகில காட்டாதேங்கோ."

"நீர் சும்மா இரும்!"

முதல் சிக்கல், படகுக்குச் சில்லு இல்லை. தேசிக்காயும் கையுமாகப் படகைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் துடுப்புக்கடியில் வைத்தார். வெற்றிலையும் இல்லை. சூப் விற்ற பெண்ணிடம் கடதாசித் தட்டு வாங்கி அதில் கற்பூரம் கொளுத்திக் காட்டினார். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம், மனுசன்! தேங்காய் உடைக்க இரண்டு கையும் வேண்டுமென்று எரிகிற தட்டைப் படகின் மூக்கில் வைத்தார். காற்று வீசியது. தட்டில் பிடித்த நெருப்பு தாரிலும் பிடித்தது.

"ஐயோ முருகா! தண்ணி, தண்ணி!"

கடலுக்கு முன்னால் நின்று தண்ணீர் கேட்டு அலறிய மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். படகுகளை ஆசீர்வதிக்க மந்திரித்த தண்ணீர் வாளியோடு காத்திருந்த பாதிரியார் அதைத் தூக்கி வீசினார். பாதி நெருப்பில் விழுந்தது, பாதி ஏரம்பமூர்த்தியில் விழுந்தது.

டோனல் படகருகே குந்தினான். கருகிய இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். தார் பொங்கியிருந்தது, நல்ல காலம், துணி ஓட்டையாகவில்லை.

பாதிரியார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் கிடந்தது. ஓடி ஒளிய வேண்டிய ஏரம்பமூர்த்தியோ நனைந்த சட்டையோடு அவர் முன்னால் போய், இடக்கையால் தாங்கி, வலக்கையைக் குவித்து நீட்டினார். பாதிரியார் திருதிருவென்று விழித்தபடி வார்த்தார். இவர் கண்ணை மூடிக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்.

டோனல் எழுந்து வந்தான். ஏரம்பமூர்த்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தார் ஒட்டிய தன் கையையும் அதேபோல் குவித்து நீட்டினான்.