செல்வியின் கழுத்தும் ஒரு பால்குடமும்

1. வலி எங்கே இருக்கிறது

நான் படித்தது ஆறாம் வகுப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடையில் வாளி கழுவியவன், இன்று கிள்ளானில் மூன்று கடை வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் கல்யாண மாலை என்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

என் கடையில் மாலை கட்டுபவர்களில் செல்விதான் முதல் தரம். பூ வாடினாலும் அந்தப் பிள்ளை போட்ட முடிச்சு தளராது. ஒரு நாள் காலை வேலைக்கு வரும் வழியில், சிக்னலில் நின்றிருந்த அவள் காரைப் பின்னாலிருந்து ஒருவன் இடித்துவிட்டான். தலை பின்னே போய், முன்னே வந்து வெட்டியிருக்கிறது. விப்லேஷ், கழுத்துத் தசை அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குனிந்து நாலு முழம் கட்டுவதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிடும். கழுத்தில் காலர் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தாள்.

"விடுங்கண்ணே, கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றாள்.

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்" என்று லாயரைப் பிடித்தவன் நான்தான்.

2. கோர்ட்டு வாசலில்

விசாரணை அன்று காலை, எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் லாயர் எங்களிடம் வந்து போனை நீட்டினார். கோயிலின் ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ போட்ட வீடியோ. விபத்துக்குப் பிறகு வந்த திருவிழா. மஞ்சள் சேலையில், காலர் இல்லாமல், தலையில் பால்குடத்தோடு செல்வி நடந்து வருகிறாள்.

"கழுத்து முடியலன்னு கேஸ் போட்டுட்டு, கோயில்ல குடம் தூக்கறாங்க. ஜட்ஜே சிரிப்பாங்க லா, அங்கிள். குடுக்கறத வாங்கிட்டுப் போங்க."

"தம்பி, நான் வியாபாரி. சரக்கு மட்டம்னு சொல்றவன்தான் முதல்ல விலை பேச வருவான்" என்றேன்.

ஆனால் எங்கள் லாயர் முகம் வெளுத்துவிட்டது. "வாங்கிக்கலாம்க்கா. வீடியோவ ஜட்ஜ் பாத்தா ஒண்ணுமே கிடைக்காமப் போயிரலாம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"காசு கிடைக்காட்டிப் போகுது சார். நான் பொய்க்காரியா? அதுக்கு நான் உள்ள போய் பதில் சொல்லணும்."

கேஸே வேண்டாம் என்ற பிள்ளை அது.

3. கூண்டில்

செல்வியின் சம்பளம் பற்றி நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டதால் நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னைக் கூண்டில் ஏற்றியிருந்தால் அரை மணியில் கேஸை முடித்திருப்பேன். பின் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவைப் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் தமிழில் சொன்னார்: "கழுத்து வலி உள்ளவங்க தலையில குடம் தூக்குவாங்களான்னு கேக்கறாரு."

செல்வி நேராகப் பார்த்துச் சொன்னாள். "இந்த வலி போகணும்னு வேண்டிக்கிட்டுத்தாங்க தூக்குனேன். வலி இல்லாதவ எதுக்கு வேண்டிக்கப் போறா?"

அது மலாய் மொழியில் போய்ச் சேர்ந்ததும் நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தூக்கிய பிறகு எப்படி இருந்தது என்று அவரே கேட்டார்.

"ரெண்டு நாள் தலையணையிலேருந்து தலைய எடுக்க முடியலங்க. மறுபடி காலர் போட்டாங்க."

இன்சூரன்ஸ் லாயர் அதற்கு மேல் குடத்தைத் தொடவில்லை.

4. மேசை

கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் காயம் உண்மை, வலி உண்மை என்று தீர்ப்பில் சொன்னார்கள். வலிக்கும் வேதனைக்கும் நஷ்ட ஈடு, வேலைக்கு வராத மாதங்களுக்குச் சம்பள இழப்பு, இரண்டும் தந்தார்கள். செல்வி வாசலுக்கு வந்து, "பொய் இல்லன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றாள். எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

அடுத்த வாரமே என் மூன்று கடையிலும் தரையில் குனிந்து கட்டும் பழக்கத்தை ஒழித்தேன். நெஞ்சு உயரத்துக்கு மேசை அடித்துப் போட்டேன். செல்வி இப்போது நின்றுகொண்டு, தலை நிமிர்ந்து கட்டுகிறாள். கடை திறக்க நினைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பூவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கும் முன் மேசை அடியுங்கள். உங்கள் ஆள் வலிக்கிறது என்று சொன்னால், எக்ஸ்ரே வரும்வரை காத்திருக்காமல் நம்புங்கள்.

வலி குறைந்ததும் அந்தப் பிள்ளை நன்றி சொல்ல மறுபடி பால்குடம் எடுத்தாள். இந்த முறை வீடியோ எடுத்துப் போட்டவன் நான்தான். இன்சூரன்ஸ்காரர்களும் பார்க்கட்டும்.