தனியே பால் குடித்தவன்

என் அண்ணன் கொய்னெட்டைத் 'தனியே பால் குடித்தவன்' என்று சொல்லி எங்கள் மாசாய் ஆட்கள் இன்றும் சிரிப்பார்கள். வீரனாகிவிட்டவன் இன்னொரு வீரன் துணைக்கு இல்லாமல் பால் குடிக்கக் கூடாது. பசித்துச் செத்தாலும் கூடாது. அவன் ஏன் குடித்தான் என்பது சிரிக்கிறவர்களுக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணனுக்குப் பால் துணை பர்சலோய். இருவருக்கும் ஒரே காலையில்தான் வீரனாக்கும் சடங்கு நடந்தது. வீரர் முகாமும் பால் குடுவையும் ஒன்றுதான்.

போன வறட்சியில் சிங்கம் எங்கள் சினைப்பசுவை அடித்தபோது, அண்ணன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். மறித்தவன் பர்சலோய்.

"கிறுக்கா, நம்ம முகாம்ல ஒருத்தன் சிங்கத்தத் தொட்டாலும் மொத்த முகாமையும் போட்டியிலேர்ந்து தூக்கிடுவாங்க. நீ கயித்தத் தொடுடா. பொலிகாளை நமக்குத்தான்."

அண்ணன் ஈட்டியைச் சாத்தி வைத்தான். வீரர்கள் சிங்கத்தைக் கொல்வதை விட்டுவிட வேண்டும் என்று வைத்த குதிக்கும் போட்டி அது; ஜெயித்த முகாமுக்குப் பொலிகாளை பரிசு. அன்றிலிருந்து தினமும் குதித்தான். நின்ற இடத்திலேயே எம்பித் தலையால் கயிற்றைத் தொட வேண்டும். முந்தின போட்டியில் ஒரு விரல் உயரத்தில் தோற்றவன் அவன். அந்த ஒரு விரலுக்காகவே உயிரைக் கொடுத்துப் பழகினான். இரண்டு முள்மரங்களுக்கு நடுவே கயிற்றைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தியதும் பர்சலோய்தான்.

போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பெண்கள் குலவையிட்டார்கள். ஈட்டி முனையில் பிடரிமயிரோடு ஒருவன் வந்துகொண்டிருந்தான். எந்த மாட்டையும் தொடாத சிங்கமாம். கொன்றவனுக்குப் புதுப்பெயர் வைத்துப் பாடினோம். ஆமாம், நானும்தான். பாதிப் பாட்டில் தூசி விலகி முகம் தெரிந்தது. பர்சலோய். என் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பாதிப் பாட்டுக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மதியம் போட்டி நடத்துகிறவர்கள் ஜீப்பில் வந்து எங்கள் முகாமின் பெயரை அடித்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் பர்சலோயிடம் ஒரே வார்த்தைதான் கேட்டான். "ஏன்டா?"

"நீ ஜெயிச்சா உன் பேரு ரேடியோல வரும். கயிறு கட்டுனவன் பேர யாருடா பாடுவா?" பர்சலோய் தலையைச் சொறிந்தான். பிறகு குடுவையை நீட்டினான். "சரி, விடுடா. காலைலேர்ந்து வெறும் வயிறு. வா, குடிப்போம்."

அண்ணன் குடுவையை வாங்கிக்கொண்டு நேராக மாட்டுப்பட்டியின் நடுவே போய் நின்றான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து வாயில் வைத்தான்.

பர்சலோய் பதறி ஓடினான். "டேய், எல்லாரும் பாக்குறாங்கடா! எனக்கும் ஒரு வாய் குடுத்துட்டுக் குடிடா!"

அண்ணன் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கடைசிச் சொட்டுவரை குடித்தான். பிறகு குடுவையைக் கவிழ்த்துக் காட்டினான்.

"எனக்குத் துணைன்னு யாரும் இல்லடா," என்றான்.